மாடத்து விருந்தும் என் தம்பியின் எடையும்

கோடைக் கோப்பைப் பந்தயத்தன்று மாடத்தில் உட்கார்ந்து தின்பவர்களின் எடையெல்லாம் கீழே குதிரைமேல் உட்கார்ந்திருப்பவன் உடம்பில் ஏறும் என்பது, இன்றைக்கு வெள்ளிக்குன்றில் பால் ஊற்றுகிறவர் முதல் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவர் வரை எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. விடிகாலையில் பனி இறங்கும், கோப்பையன்று எடை ஏறும், இரண்டையும் எங்கள் ஊரில் ஒரே குரலில்தான் சொல்வார்கள். கேட்கிற யாரும் மூக்கின்மேல் விரல் வைப்பதில்லை. எனக்குத்தான் இன்னும் வயிறு எரிகிறது, ஏனென்றால் குதிரைமேல் உட்கார்ந்திருந்தவன் என் தம்பி.

நான் பிலோமினா. பஸ் நிலையத்துக்கு எதிரே கீசர் கடை வைத்திருக்கிறேன், ஊருக்கு நான் கீசர்க்கடை அக்கா. குளிர்ந்த ஊரில் வெந்நீர் விற்பதற்குப் பெரிய சாமர்த்தியம் தேவையில்லை என்றாலும், அந்த வருஷம் மலை மேலேயே நான்தான் அதிகம் விற்றேன் என்று கம்பெனிக்காரர்கள் கண்டுபிடித்து, கோப்பையன்று தங்கள் விருந்தினர் மாடத்துக்கு வரும்படி தங்க எழுத்தில் அட்டை அனுப்பினார்கள். அதுவரை எங்கள் குடும்பம் கோப்பையைப் பார்த்தது எல்லாம் கேலரிப் பக்கம், கம்பி வேலியில் மூக்கை அழுத்தி நின்றுதான். தம்பி அமலதாஸ் எங்களைக் கடக்கும்போது குதிரைக் குளம்பு தெறித்த மண் எங்கள் வாயில் விழும், அதைத் துப்பிவிட்டுக் கத்துவோம். இந்த முறை மேலே உட்கார்ந்து பார்க்கலாம் என்று எனக்கும் ஆசைதான், ஏன் பொய் சொல்லவேண்டும்.

அன்று காலை அமலு என் வீட்டுக் குளியலறையில் இருந்தான். நாமெல்லாம் கீசரைப் போட்டுக் குளிப்போம், குதிரை ஓட்டுகிற ஜாக்கிகள் எடை குறையக் கீசரைப் போட்டு உருகுவார்கள். கதவைச் சாத்திக்கொண்டு, வெந்நீரைத் திறந்துவிட்டு, இரண்டு ஸ்வெட்டருக்குமேல் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, ஆவியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். முந்தின நாள் மதியத்திலிருந்து அவன் வாய்க்குள் போனது ஒரு வாய்த் தண்ணீர், அதையும் கொப்பளித்துத் துப்பிவிட்டான். வெளியே வந்தபோது கன்னம் ஒட்டி, கண் மட்டும் பெரிதாக இருந்தது.

"அக்கா, பாக்ஸ்ல என்ன சாப்பாடு போடுவாங்க?" என்று கேட்டான்.

"எனக்கென்னடா தெரியும், நானே இன்னிக்குத்தான் போறேன்."

"எல்லாத்தையும் பாத்து வச்சுக்க. சாயங்காலம் வந்து ஒண்ணு விடாம சொல்லு. காதாலயாவது சாப்பிடறேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவன் ஓட்டவேண்டிய குதிரை சாரல், செம்பழுப்பு நிறப் பெண் குதிரை, கீசர் கம்பெனி முதலாளியுடையது. குட்டியாக லாரியில் வந்து இறங்கிய நாளிலிருந்து அவன்தான் அதற்குத் துணை. அவன் சவுக்கை எடுத்து நான் பார்த்ததில்லை, காதுப் பக்கம் குனிந்து ஏதோ முணுமுணுப்பான், அதற்கே அது பறக்கும்.

மாடத்தில் கம்பளம் விரித்திருந்தார்கள். கையில் ஒரு காகிதப் பட்டையைக் கட்டிவிட்டார்கள், அதைக் காட்டினால் என்ன வேண்டுமானாலும் எத்தனை முறை வேண்டுமானாலும் தின்னலாம். தோசைக்கு ஒருவர், கபாபுக்கு ஒருவர், மீனைத் துண்டு போட ஒருவர், பழத்தை அன்னப் பறவையாகச் செதுக்க ஒருவர் என்று வெள்ளைத் தொப்பி போட்டவர்கள் வரிசையாக நிற்க, பட்டுப் புடவைக்குமேல் இறகு வைத்த தொப்பி போட்ட பெண்களும், கழுத்து இறுகக் கோட்டு போட்ட ஆண்களும் தட்டை நீட்டிக்கொண்டு நகர்ந்தார்கள். நாற்காலிகளைச் சாப்பாட்டைப் பார்த்துத்தான் போட்டிருந்தார்கள். பந்தய மைதானம் எல்லோருக்கும் முதுகுப் பக்கம் இருந்தது. கம்பெனியின் வட்டார மேலாளர் ரகோத்தமன் சார் ஒவ்வொருவரிடமும் வந்து, "சாப்பிடுங்க மேடம், கூச்சப்படாதீங்க, எல்லாம் கம்பெனி கணக்கு" என்று உபசரித்தார். நல்ல மனிதர். உபசரிப்பதில் அவரைக் குறை சொல்லவே முடியாது.

எடை அறை எங்கள் மாடத்துக்கு நேர் கீழே, கண்ணாடிச் சுவர் வைத்து. பந்தயத்துக்கு முன்னால் ஒவ்வொரு ஜாக்கியும் சேணத்தை மடியில் வைத்துக்கொண்டு தராசு நாற்காலியில் உட்காரவேண்டும், பந்தயம் முடிந்ததும் அப்படியே வந்து மறுபடி உட்காரவேண்டும். உட்காராமல் யாரும் வெளியே போக முடியாது. முள் காட்டும் வட்டத் தகடு ரயில்நிலையக் கடிகாரம் அளவுக்கு இருப்பதால் மேலே இருந்தே பார்க்கலாம். நான் ஒரு வடையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். அமலு உட்கார்ந்தான். முள் நிற்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நின்றது.

எடை எழுதுகிற வரதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அமலு எழுந்து, கழுத்திலிருந்த ஜெபமாலையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்தான். முள் இன்னும் கூடியது. பூட்ஸை மாற்றினான், பெல்ட்டை எடுத்தான், மூக்கைச் சிந்தினான், முள் பாட்டுக்குக் கூடிக்கொண்டே போனது. பக்கத்தில் நின்ற மற்ற ஜாக்கிகளுக்கும் கொஞ்சம் கொஞ்சம் கூடியிருந்தது, ஆனால் அவர்களுடைய முதலாளிகளின் மாடங்களில் டீயும் பிஸ்கட்டும்தான். தராசில் கோளாறு என்று சொல்லி ஓட்ஸ் மூட்டையை வைத்துப் பார்த்தார்கள், மூட்டை சரியாகத்தான் இருந்தது.

அப்போது போலீஸ் பேண்டு தேசிய கீதம் வாசிக்க ஆரம்பித்தது. மாடத்தில் எல்லோரும் தட்டைக் கீழே வைத்துவிட்டு விறைப்பாக நின்றோம், வாயில் இருந்ததைக்கூட மெல்லாமல் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். கீழே முள் அசையாமல் நின்றது. கீதம் முடிந்தது, எல்லோரும் மென்றார்கள், முள் ஏறியது. வரதன் அண்ணாந்து எங்களைப் பார்த்தார். பிறகு அறையில் இருந்த எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். யாரும் யாருக்கும் விளக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. நான் கையிலிருந்த வடையை அப்படியே வைத்தேன்.

கிளப் செயலாளர் சம்பந்தம் மேலே ஏறி வந்து கை கூப்பினார். "பெரிய மனசு பண்ணி, பந்தயம் முடியற வரைக்கும் யாரும் எதுவும் சாப்பிடாம இருந்தா நல்லாருக்கும். கீழ பசங்களுக்கு எடை ஏறுது."

மாடம் கொந்தளித்துவிட்டது. அழைத்து வந்து அவமானப்படுத்துவதா என்றார் ஒருவர். நான் வெறும் சாலட்தான் சாப்பிட்டேன், என்னையும் சேர்த்துச் சொல்வது என்ன நியாயம் என்றார் ஒருவர். என் ஒருத்தியின் ஒரு ஸ்பூன் பாயசத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று ஓர் அம்மாள் உண்மையாகவே கேட்டார், அவருக்குப் பின்னால் அதே ஸ்பூனோடு ஒரு வரிசையே நின்றது. ரகோத்தமன் சாருக்கு வியர்த்துவிட்டது. "சார், கெஸ்ட்டப் போய் சாப்பிடாதீங்கன்னு நான் எப்படி சார் சொல்லுவேன்?" என்று செயலாளரிடம் கிட்டத்தட்ட அழுதார்.

"அது என் தம்பிங்க சார்" என்றேன் நான். "நேத்து மத்தியானத்துலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல."

அவர் முகம் மலர்ந்தது, சிக்கல் தீர்ந்துவிட்டதைப்போல. "உங்க தம்பியா மேடம்? அப்ப நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இன்னும் கொஞ்சம் கட்டுப்பாடா இருந்திருக்கலாமே."

பட்டினி கிடந்தவனுக்குக் கட்டுப்பாடு சொல்லிக் கொடுக்கிறார், கையில் கபாபோடு. கன்னத்தில் ஒன்று வைத்திருக்கவேண்டும், வைக்கவில்லை. விருந்தாளியாகப் போன இடத்தில் விருந்தாளியாகவே நின்றுவிட்டேன்.

முதலாளி பெருந்தன்மையாகக் கையை அசைத்து, கூடின எடையோடே ஓடட்டும் என்று சொல்லிவிட்டார். சாரல் கடைசியாக வந்தது. அதன் வாயெல்லாம் நுரை. அமலு இறங்கியதும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு வெகு நேரம் நின்றான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் என்ன சாப்பாடு என்று கேட்கவில்லை, அவனே சொன்னான்.

"வயித்துல ஏதோ இனிப்பு இருக்கு அக்கா. அப்புறம் எண்ணெயில பொரிச்சது. கனமா இருக்கு." கொஞ்சம் யோசித்தான். "ஆனா நாக்குல ஒண்ணுமே தெரியல."

அதற்குப் பிறகு ஊர் என்ன செய்தது என்று கேட்டால், ஊர் பழகிக்கொண்டது. கிளப்பில் கூட்டம் போட்டு, முந்திரி பக்கோடா தின்றுகொண்டே விவாதித்து, எடை யாருடைய உடம்பில் ஏறுகிறதோ அவருடைய பொறுப்பு என்று தீர்மானம் போட்டார்கள். மாடத்து விருந்துக்கு இடம் விட்டு, ஜாக்கிகள் வழக்கத்தைவிட நாலைந்து கிலோ குறைவாகவே வந்து நிற்கவேண்டும் என்று விதி செய்தார்கள். அதற்கு விருந்துக் கழிவு என்று பெயர் வைத்தார்கள், கேட்கவே எவ்வளவு மரியாதையாக இருக்கிறது பாருங்கள். பந்தயப் புத்தகத்தில் குதிரையின் பெயர், அதன் தாய் தகப்பன் பெயர், ஜாக்கி பெயர், அதற்குப் பக்கத்தில் மாடத்து மெனு என்று அச்சடிக்க ஆரம்பித்தார்கள். பந்தயப் பணம் வாங்குகிற புக்கிகள் லாயத்துக்குப் போவதை விட்டுவிட்டு சமையல்கட்டு வாசலில் தவம் கிடந்தார்கள், நெய் டின் எத்தனை இறங்கியது என்று பார்த்து ரேட் போட்டார்கள். ஒரு மாடத்துக்காரர் இன்னொரு மாடத்துக்காரருக்கு அன்போடு மைசூர்பாகு தட்டுத் தட்டாக அனுப்பி வைத்தார், வாங்கினவர்களுக்கு உள்நோக்கம் தெரிந்தாலும் மைசூர்பாகை எப்படித் திருப்பி அனுப்புவது என்று தின்றார்கள்.

இதைவிடப் பெரிய சங்கதி ஒன்று மெல்ல வெளியே வந்தது. அங்கே தின்பது தின்றவர் உடம்பில் ஒட்டுவதே இல்லை. பட்டை கட்டிய கையோடு எத்தனை ஜாங்கிரி உள்ளே தள்ளினாலும் மறுநாள் ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை அப்படியே இருக்கும், கொழுப்பு அப்படியே இருக்கும், இடுப்பில் ஒரு விரல் கூடாது. இது தெரிந்ததும் கீழ்நாட்டிலிருந்து சர்க்கரை வியாதிக்காரர்கள் வண்டி வண்டியாக மலை ஏறினார்கள். டாக்டர்களே ரகசியமாகச் சிபாரிசு செய்தார்கள். வருஷம் முழுக்கக் கேழ்வரகுக் கஞ்சி குடித்துக் காய்ந்திருந்த பெரிய மனிதர்கள் கண்ணில் நீர் தளும்ப ஜிலேபியைக் கையில் எடுப்பதைப் பார்த்து, எனக்கே சில சமயம் பாவமாக இருந்தது என்று சொல்லிக்கொள்கிறேன். தலைதீபாவளிக்கு மோதிரம் கேட்ட மாப்பிள்ளைகள் மாடத்துப் பாஸ் கேட்டார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து ஒருவர் இதை ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கினார், பட்டம் வாங்கிய சந்தோஷத்தில் மாடத்துக்கு வந்து அவரும் தின்றார்.

எங்கள் பங்குச் சாமியார் பிரசங்கத்தில், பிறருடைய சுமையைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறவர்கள் பாக்கியவான்கள் என்று அமலுவைப் பெயர் சொல்லாமல் சுட்டிக்காட்டினார். கோயிலே திரும்பி எங்கள் பெஞ்சைப் பார்த்தது. சாமியாருக்கும் வருஷா வருஷம் ஒரு பாஸ் வரும் என்பது எனக்குத் தெரியும். பூசை முடியுமுன்பே எழுந்து வந்துவிட்டேன்.

எடை ஏறினால் பட்டினி கிடந்து இறக்கலாம். சர்க்கரையை எப்படி இறக்குவது? மூன்றாம் கோப்பை முடிந்தபின் அமலுவின் கால் கட்டைவிரல் கறுத்தது. கீழே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் அவனுக்கு நாற்காலிகூடக் கொடுக்காமல் திட்டினார். "இந்த வயசுல இவ்வளவு ஸ்வீட் தின்னா என்னய்யா ஆகும்? நாக்கை அடக்க முடியலையா?"

அமலு சிரித்தான். "டாக்டர், நான் கடைசியா லட்டு சாப்ட்டது எங்கக்கா கல்யாணத்துல."

விரலை எடுத்துவிட்டார்கள். இன்னொரு கோப்பைக்குச் சர்க்கரை இதேபோல ஏறினால் காலையே எடுக்கவேண்டி வரும், உயிருக்கும் உத்தரவாதம் இல்லை என்றார் டாக்டர். பஸ்ஸில் திரும்பி வரும்போது, போதும், குதிரையை விட்டுவிடு, கடையில் வந்து உட்கார் என்று கெஞ்சினேன்.

"கடையில உக்காந்து என்ன பண்ணுவேன்? கீசரத் தூக்கி மாட்டறதுக்குக்கூட என்கிட்ட உடம்பு இல்ல." ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே பேசினான். "ஒரே ஒரு கோப்பை ஜெயிச்சாப் போதும் அக்கா. கோப்பை ஜெயிச்சவனுக்குத்தான் ட்ரெயினர் லைசன்ஸ் குடுப்பாங்க. ட்ரெயினர் தராசுல உக்கார வேண்டாம். தொப்பிய போட்டுக்கிட்டுத் தரையில நிக்கலாம். சாரல் கூடவே இருந்துக்கலாம். வேளாவேளைக்குச் சோறு சாப்பிடலாம்."

"அவனுங்க தின்னா நீ எப்படிடா ஜெயிப்ப?"

"தின்னாமப் பண்ணு. பாக்ஸ்ல இருக்கறது நீதான?"

அது உண்மைதான். அந்த வருஷமும் நான்தான் அதிகம் கீசர் விற்றிருந்தேன்.

அதனால் கோப்பைக்கு முன் மாதம் முழுக்க, கடையை அடைத்துவிட்டு, எங்கள் மாடத்துக்குப் பாஸ் வாங்கியவர்கள் வீட்டுக்கெல்லாம் போனேன். வெட்டிய விரல் இருந்த காலைப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன், காட்டினேன். அவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் என்று நான் சொன்னால் அது பொய். பார்த்த எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள், ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டார். ஒரு மணி நேரம்தானே, பந்தயம் முடியும் வரைக்கும்தானே, கட்டாயம் என்றார்கள். ரகோத்தமன் சார்கூட உருகிவிட்டார். "இது நம்ம கம்பெனிக்கே ஒரு பெருமை மேடம்" என்று சொல்லி, "அமலுக்காக ஒரு மணி நேரம்" என்று எழுதிய பேட்ஜ் அடித்து எல்லோர் சட்டையிலும் குத்தினார். பத்திரிகைக்காரர்களை வரவழைத்தார். கோப்பையன்று மதியம், வெள்ளைத் தொப்பிக்காரர்கள் சாப்பாட்டையெல்லாம் வெள்ளைத் துணி போட்டு மூடினார்கள், விருந்தினர்கள் மூடிய மேஜைக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அடக்கத்தோடு, பசித்த முகத்தோடு, படத்தில் அழகாக விழுந்திருந்தார்கள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள், அதையும் சொல்லவேண்டும். அமலு தராசில் உட்கார்ந்தபோது முள் எழுந்திருக்கவே யோசித்தது. குறைந்த எடையை ஈடுகட்டச் சேணத்தில் ஈயத்தகடு சொருகினார்கள். அமலு அண்ணாந்து என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான், கையில் அது இருந்தது.

அன்றைக்கு எங்கள் மாடத்தில் முதன்முதலாக நாற்காலிகளைத் திருப்பிப் போட்டார்கள். வேறு வேலை இல்லையே, பந்தயத்தைப் பார்த்தார்கள். புறப்படும் கதவு திறந்ததும் குதிரைகள் கூட்டமாக ஓடின, தூரத்து வளைவில் மூடுபனிக்குள் போய் மறைந்தன, பனிக்குள்ளிருந்து தனியாக முதலில் வெளியே வந்தது சாரல். அமலு அதன் காதோரம் குனிந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தான். பின்னால் வந்த குதிரைக்கும் அதற்கும் நடுவில் ஒரு பஸ்ஸை நிறுத்தலாம். கேலரிப் பக்கம் ஜனங்கள் கம்பி வேலியைப் பிடித்து உலுக்கினார்கள். நேர்ப்பாதைக்கு வந்துவிட்டான், இன்னும் கொஞ்ச தூரம், தம்பி சோறு சாப்பிடப்போகிறான் என்று மட்டும்தான் என் மனசில் ஓடியது.

நல்ல சேதி காதில் விழுந்தால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. பரீட்சையில் தேறினால், பெண்ணைப் பிடித்துவிட்டது என்றால், ஆஸ்பத்திரியில் பிள்ளை அழுதால், உடனே யார் வாயிலாவது இனிப்பைத் திணிக்கவேண்டும். திணித்தால்தான் சந்தோஷம் சந்தோஷமாகும். ரகோத்தமன் சார் ஜெயித்தபின் கொடுப்பதற்கென்று வெள்ளித்தாள் ஒட்டிய நெய் லட்டுகளைப் பெரிய தாம்பாளங்களில் தயாராக வைத்திருந்தார். அவர் கண்ணுக்கு அமலு ஜெயித்தாகிவிட்டது. மாடத்தில் எல்லோர் கண்ணுக்கும் ஜெயித்தாகிவிட்டது.

"ஜெயிச்சாச்சு! ஜெயிச்சாச்சு! எடுங்க, எடுங்க!"

எனக்குப் பின்னால் துணி உருவப்படுகிற சத்தம் கேட்டது. திரும்புவதற்குள் ஒருவர் வாயில் ஒருவர் லட்டை ஊட்டிக்கொண்டிருந்தார்கள். கோட்டுக்காரர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு ஊட்டினார்கள். முன்னே பின்னே பேசாதவர்கள் ஊட்டிக்கொண்டார்கள். அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுத அந்த அம்மாள் ஓடிவந்து, "உங்க தம்பி ஜெயிச்சுட்டார்மா, வாயத் திறங்க!" என்று நான் "வேண்டாம்" என்று கத்தத் திறந்த வாயிலேயே ஒரு முழு லட்டை அழுத்தினார். அவர் கண்ணில் ஆனந்தக் கண்ணீர். புடவையில் பேட்ஜ்.

கீழே சாரலின் முதுகு வளைந்தது. ஓட்டம் நடையானது, நடை தள்ளாட்டமானது, வெற்றிக் கம்பத்துக்கு நாலு எட்டு இருக்கும்போது அது முன்னங்காலை மடக்கி, பெரியவர்கள் வலியோடு தரையில் உட்காருவதைப்போல, மெதுவாக மண்டியிட்டது. அமலு அதன் கழுத்தின்மேல் சரிந்து புல்லில் விழுந்தான். மற்ற குதிரைகள் அவர்களைச் சுற்றிக்கொண்டு ஓடிப்போயின. சாரல் பாரம் இறங்கியதும் எழுந்து நின்றுவிட்டது, அமலு எழவில்லை.

நான் லட்டை விழுங்கவில்லை. உள்ளங்கையில் துப்பினேன். மாடத்தில் மெல்லுகிற வாய்கள் ஒவ்வொன்றாக நிற்பது தெரிந்தது.

"துப்புங்க" என்றேன். "முழுங்கிட்டிருந்தா விரல விட்டு வாந்தி எடுங்க. கீழ என் தம்பி கிடக்கிறான்."

யாரும் துப்பவில்லை. ஒருவர் கம்பளத்தைப் பார்த்தார். அந்த அம்மாள் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, பொத்தியபடியே விழுங்கினார். ரகோத்தமன் சார் என் பக்கம் வந்து, பிறருக்குக் கேட்காத குரலில், "மேடம், பாசத்துலதானே குடுத்தாங்க? ஜெயிச்சுட்டாருன்னு நெனச்சுதானே? நீங்களே இப்படிப் பேசினா எப்படி?" என்றார். அந்த மனிதருக்கு நிஜமாகவே மனசு புண்பட்டிருந்தது. கையிலிருந்த எச்சில் லட்டை அவருடைய கோட்டுப் பைக்குள் போட்டு அமுக்கிவிட்டுப் படியிறங்கி ஓடினேன்.

அமலுவுக்கு உயிர் இருந்தது. கண் திறந்திருந்தது, உதடு வறண்டிருந்தது, புல் அவனைச் சுற்றி அமுங்கிப் பள்ளமாகியிருந்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேர் அவன் தோளுக்கடியில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தார்கள், ஒரு கைகூட எழும்பவில்லை. நாலு பேர் வந்தார்கள், முடியவில்லை. என் வீட்டுக் குளியலறையில் எலும்பு தெரிய உட்கார்ந்திருந்த பையன், ஐம்பது கிலோ இல்லாத பையன், நிலத்தோடு ஒட்டிக் கிடந்தான்.

அப்போது கேலரிப் பக்கம் கம்பி வேலி சாய்ந்த சத்தம் கேட்டது. வேலியில் மூக்கை அழுத்தி நின்றவர்கள் எல்லாம் உள்ளே ஓடி வந்தார்கள், கேரட் மூட்டை தூக்குகிறவர்கள், தேயிலைக்காட்டுப் பெண்கள், டாக்ஸி ஓட்டுகிறவர்கள், லாயத்துச் சாணி அள்ளுகிறவர்கள். யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒரு துப்பட்டியை விரித்தார்கள், அது கிழிந்தது, கூடாரத் துணியை இழுத்து வந்து போட்டு உருட்டினார்கள், சுற்றிலும் தோள் கொடுத்து ஒரே மூச்சில் எழுப்பினார்கள். எத்தனை பேரென்று நான் எண்ணவில்லை. நானும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். அடி அடியாக வாசலைப் பார்த்து நடந்தோம்.

வாசலில் எடை எழுதுகிற வரதன் குறுக்கே வந்து நின்றார். அழுதிருந்தார், ஆனாலும் நின்றார். "பிலோமினா, கோவிச்சுக்காதம்மா. ஜாக்கி எடை போடாம வெளிய போகக் கூடாது. விதி. ஒரு நிமிஷம் தராசுல வச்சு எடுத்துட்டாப் போதும்."

தூக்கியிருந்தவர்கள் நின்றார்கள். யாருக்கும் பேச மூச்சு இல்லை. எனக்கு இருந்தது.

"எடைதான வேணும்? மேல போய் அவங்கள உக்கார வச்சு நிறுங்க. ஒவ்வொருத்தரா நிறுங்க. அதுல எது இல்லையோ அதெல்லாம் இங்க இருக்கு, கூட்டிக் கழிச்சு நீங்களே எழுதிக்குங்க. என் தம்பிக்குன்னு தனியா ஒரு எடையும் கிடையாது."

வரதன் அண்ணாந்து மாடத்தைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். அங்கே நாற்காலிகளைப் பழையபடி திருப்பிப் போட்டுவிட்டிருந்தார்கள், எல்லோரும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். மனசு சரியில்லாதவர்களுக்குத் தெம்பாக இருக்கட்டும் என்றுதான் இருக்கவேண்டும், காப்பி கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். சர்க்கரை போட்ட காப்பி. எங்கள் தோள்கள் எல்லாம் ஒன்றாக ஒரு விரற்கடை கீழே இறங்கின.

வரதன் விலகி வழிவிட்டார். பிறகு பேனாவைப் பையில் சொருகிவிட்டு, குனிந்து, துணிக்கு அடியில் அவரும் தோளைக் கொடுத்தார். அவனை யாரும் கீழே வைக்கவில்லை.